மூளை சாட்சி சொல்லுமா?

மாணவர்கள் நிறையப் பேர் வந்திருக்கிறீர்கள். அதனால் ஒரு வழக்கிலிருந்தே தொடங்குகிறேன்.

2008 ஜூனில் புனே அமர்வு நீதிமன்றம் ஓர் இளம்பெண்ணுக்கு ஆயுள் தண்டனை விதித்தது. முன்பு தனக்கு நிச்சயிக்கப்பட்டவரை நஞ்சு வைத்துக் கொன்றதாக வழக்கு. சான்றுகளில் ஒன்று அவருடைய மூளை. தலையில் மின்முனைகளைப் பொருத்தி உட்காரவைத்து, 'ஆர்செனிக் வாங்கினேன்' என்பதுபோன்ற வாக்கியங்களைக் கேட்கவைத்தார்கள். அவர் வாய் திறக்கவேயில்லை. மின்னலைகளை அலசிய மென்பொருள், இது நேரில் செய்தவரின் நினைவு என்றது. பெங்களூரு நிமான்ஸில் பணியாற்றிய சி.ஆர்.முகுந்தன் உருவாக்கிய முறை அது. அதே நிமான்ஸ் இயக்குநர் தலைமையிலான நிபுணர் குழு, இது அறிவியல்பூர்வமானதல்ல என்று அந்த ஆண்டே சொன்னது.

நம் தெருப் பையனை மூன்று நாள் ஸ்டேஷனில் வைத்து, 'நீதானடா எடுத்தே' என்று கேட்கிறார்கள் என்று வையுங்கள். எந்த வீடு, எந்த பீரோ, எந்தச் சந்து வழியாக ஓடினான் என்பதெல்லாம் அவனுக்கு மனப்பாடமாகிவிடும். அப்புறம் மின்முனை. அந்த நினைவு திருடியதால் வந்ததா, அடிவாங்கியதால் வந்ததா என்று எந்தக் கருவி பிரித்துக் காட்டும்?

ஒரு காலத்தில் சென்னை அருங்காட்சியகத்து எட்கர் தர்ஸ்டன் நம் பாட்டன்மாரின் மூக்கையும் தலையையும் வெளியிலிருந்து அளந்தார். இப்போது உள்ளே போகிறார்கள்.

2010 மே 5 அன்று, செல்வி எதிர் கர்நாடக அரசு வழக்கில், சம்மதமின்றி யாருக்கும் நார்கோ, பொய் கண்டறியும் சோதனை, மூளை மின்னலைச் சோதனை செய்யக்கூடாது என்றது உச்ச நீதிமன்றம். சம்மதித்தாலும் முடிவு மட்டுமே சான்றாகாது. நல்ல தீர்ப்புதான். ஆனால் 'சம்மதம்' என்ற சொல்லில்தான் எனக்கு உறுத்தல். லாக்கப்பில் இருப்பவர் மறுத்தால், 'மடியில் கனமிருக்கு' என்பார்கள்.

ஹாத்ரஸை நினைத்துப் பாருங்கள். 2020 அக்டோபரில் உத்தரப் பிரதேச அரசு, குற்றம் சாட்டப்பட்டவர்களோடு சேர்த்து, மகளைப் பறிகொடுத்த தலித் குடும்பத்துக்கும் நார்கோ சோதனை என்றது. அவள் உடலை நள்ளிரவில் எரித்தது காவல்துறை; உண்மை சொல்கிறோம் என்று நிரூபிக்கவேண்டியது குடும்பமாம்! அவர்கள் மறுத்தார்கள். அந்த மறுப்பு அவர்களின் உரிமை.

நம் ஆட்கள் யாரிடமாவது சம்மதத் தாளை நீட்டினால், கையெழுத்துக்கு முன் வழக்கறிஞரைக் கேளுங்கள். சம்மதத்தை மாஜிஸ்திரேட் முன்னால்தான் பதிய வேண்டும். இவை தேசிய மனித உரிமை ஆணையத்தின் 2000ஆம் ஆண்டு நெறிமுறைகளில் உள்ளன. செல்வி தீர்ப்பும் ஏற்றிருக்கிறது. நகல்கள் வாசல் மேசையில் இருக்கின்றன, ஆளுக்கொன்று எடுத்துக்கொள்ளுங்கள்.