பல குரல், ஒரு பாட்டு

'குடும்பம்னா வீட்டுல ஒரே குரல்தான் கேட்கணும்'னு எதிரணி நண்பர் அடிச்சுச் சொல்லிட்டுப் போறார். ஒரே குரல் கேட்டா அது குடும்பம் இல்லீங்க, ஒலிபெருக்கி! (சிரிப்பு)

1971-ல எம்.பி.சீனிவாசன் சென்னையில சேர்ந்திசைக் குழு தொடங்கினார். அதுல ஒருத்தர் மேலே பாடுவார். ஒருத்தர் கீழே நிப்பார். கேட்கிற நமக்கு ஒரே பாட்டு!

குழு என்ன, குடும்பமே அப்படிப் பாடியிருக்கு. இங்கிலாந்துல ராட்டிங்டீன் கிராமத்துக் காப்பர் குடும்பம், நாட்டுப்பாட்டை ரெண்டு குரலாப் பிரிச்சுப் பாடுவாங்க. 1898-ல கேட் லீ அம்மையார் அந்தப் பாட்டுகளை எழுதி எடுத்தார். ரகசியம் ஒண்ணுதான்: அடுத்தவர் குரலைக் கேட்டுக்கிட்டே தன் குரலைப் பாடணும்.

அய்யா, அயனம்பாக்கம் ஏரிக்கரைப் பக்கம் எங்க வீடு. அங்கே அப்பா குரல் மட்டும்தான். அண்ணன் ஒருநாள் எதிர்த்துப் பேசினார். 'வாயை மூடு'ன்னார் அப்பா. மூடினவர்தான், பன்னிரண்டு வருஷம்! அப்பா படுக்கையில கிடந்தப்ப, 'ஏதாவது பேசுடா'ன்னு கெஞ்சினார். அண்ணனுக்கு அழுகை வந்தது, பேச்சு வரலை.

அடக்கிவச்ச குரல் சுதி சேராதுங்க. கேட்கப்பட்ட குரல்தான் சேரும். (பலத்த கைதட்டல்)