பால்பல்தானே என்று விட்டுவிடாதீர்கள்

(சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



நான் மருத்துவர் அல்ல. வங்கியில் கணக்கு எழுதி ஓய்வு பெற்றவன். மாலையில் பேரப்பிள்ளைகளோடு கீழே உட்காரும்போது, "சொத்தைப் பல்லா? பால்பல்தானே, விழுந்து முளைச்சிடும்" என்ற பேச்சு அடிக்கடி காதில் விழுகிறது. இன்று அதைப் பற்றித்தான் பேசப் போகிறேன்.

முதலில் கணக்கு. பால்பற்கள் மொத்தம் 20. முன்பற்கள் 6, 7 வயதில் விழத் தொடங்கும். கடைவாய்ப் பால்பற்களோ 10 முதல் 12 வயதுவரை இருக்க வேண்டியவை. 4 வயதில் அதில் ஒன்றைப் பிடுங்கினால் அந்த இடம் பல வருடம் காலியாகக் கிடக்கும். 6 வயதில் பின்னால் முளைக்கும் நிரந்தரக் கடைவாய்ப்பல் அந்தக் காலியிடத்துக்குள் சாய்ந்து நகரும். பிறகு அங்கே முளைக்க வேண்டிய பல்லுக்கு இடம் இருக்காது. 12 வருட டெபாசிட்டை 4ஆம் வருடமே முறிப்பதைப் போலத்தான் இது.

பல்லுக்குள் நரம்பும் ரத்தக் குழாய்களும் நிறைந்த கூழ் இருக்கிறது. சொத்தை ஆழமாகப் போயும் கூழ் உயிரோடு இருந்தால் பல்லைக் காப்பாற்ற வழி உண்டு. சொத்தை கூழைத் தொடவில்லை என்றால், அதை ஒட்டிய கடைசி மெல்லிய அடுக்கை மட்டும் விட்டு, மற்றதைச் சுரண்டி எடுத்து, மேலே மருந்து வைத்துக் கசிவில்லாமல் அடைப்பார்கள். கூழையே தொட்டுவிட்டால், பல்லின் மேற்பகுதிக் கூழை மட்டும் எடுத்துவிட்டு வேரில் உள்ளதைக் காப்பார்கள். இதற்குப் பல்போட்டமி என்று பெயர்.

அந்த இடத்தில் நெடுங்காலம் ஃபார்மோகிரெசால் வைத்தார்கள். அதில் ஃபார்மால்டிஹைடு உண்டு. அது திசுவைப் பதப்படுத்துமே தவிர ஆற்றாது. 1993இல் அமெரிக்காவின் லோமா லிண்டா பல்கலைக்கழகத்தில் தொராபினெஜாத் குழுவினர் எம்டிஏ என்ற பொருளைக் கொண்டுவந்தார்கள். அதில் முக்கால் பங்கு என்ன தெரியுமா? போர்ட்லண்ட் சிமெண்ட்! நம் அரியலூர்ச் சுண்ணாம்புக்கல்லைச் சுட்டு எடுக்கிறார்களே, அதே குடும்பம். மீதி, எக்ஸ்ரேயில் தெரிவதற்காகப் பிஸ்மத் ஆக்சைடும் கொஞ்சம் ஜிப்சமும்.

சிமெண்ட் ஈரத்தில்தான் இறுகும். வாய்க்குள் எப்போதும் ஈரம்தானே? இறுகும்போது அதில் வெளிப்படும் சுண்ணாம்புச் சத்து கிருமிகளை ஒடுக்கி, கூழின் மேல் புதிய கடினத் தடுப்பு உருவாகத் தூண்டும். எம்டிஏ முழுக்க இறுகச் சில மணி நேரம் ஆகும்; பல்லும் கறுக்கக்கூடும். பின்னால் வந்த பயோடென்டின் ஏறக்குறைய 12 நிமிடத்தில் இறுகிவிடும். ஒன்று சொல்லிவிடுகிறேன்: இவை மருத்துவத் தரத்தில் சுத்திகரித்தவை. மூட்டை சிமெண்டை யாரும் பல்லில் வைத்துப் பார்க்க வேண்டாம்!

எதற்கும் காலம் உண்டு. இனிப்போ குளிர்ச்சியோ பட்டால் கூசி, உடனே அடங்கினால் கூழ் பிழைக்க வாய்ப்பு அதிகம். குழந்தை இரவில் வலியால் எழுந்து அழுதால், ஈறில் சீழ்க்கொப்புளம் வந்தால், பெரும்பாலும் அந்தக் கட்டம் தாண்டிவிட்டது. அப்போது வேர் சிகிச்சை அல்லது பிடுங்குவதுதான் வழி. முகம் வீங்கிக் காய்ச்சலும் வந்தால் அன்றைக்கே ஓடுங்கள்.

மருத்துவரிடம் மூன்று கேள்வி கேளுங்கள்:

1. எக்ஸ்ரே பார்த்தீர்களா, கூழ் உயிரோடு இருக்கிறதா?
2. எந்த மருந்து வைக்கப் போகிறீர்கள், செலவு எவ்வளவு?
3. மேலே எஃகுத் தொப்பி போடுவீர்களா? மேல்மூடி கசிந்தால் உள்ளே வைத்த நல்ல மருந்தும் வீண்.

நம் வீடுகளில் வேலை செய்பவர்கள், காவலாளிகள் வீட்டுப் பிள்ளைகளையும் நினைத்துக்கொள்ளுங்கள். 2013இல் தொடங்கிய தேசியச் சிறார் நலத் திட்டத்தில் அங்கன்வாடி, அரசுப் பள்ளிக் குழந்தைகளைப் பரிசோதிக்கும்போது பற்சொத்தையும் பார்க்கிறார்கள். இந்தத் தகவலை அவர்களிடம் சொல்லுங்கள்.

இன்று இரவு பிள்ளைகள் பல் தேய்த்த பிறகு, செல்போன் விளக்கில் கடைவாயை ஒருமுறை பாருங்கள். கரும்புள்ளி தெரிந்தால் வலி வரும்வரை காத்திருக்காதீர்கள்.