எர்துருல் தொடரும் நம் இல்லங்களும்

 

துருக்கியின் டி.ஆர்.டி. தொலைக்காட்சி 2014 முதல் 2019 வரை ஒளிபரப்பிய 'எர்துருல்' தொடரை, 2020 ரமளானில் பாகிஸ்தான் தொலைக்காட்சி உருதுவில் வழங்கியது. எல்லை கடந்து காஷ்மீரிலும் பரவிய அத்தொடர், இணையத்தின் வழியே பெசன்ட் நகரில் நம் இல்லங்களுக்கும் வந்து சேர்ந்தது.

திரையில் ஒருவர் தொழுதால், அடுத்து வெடிகுண்டு வருமோ என அஞ்சிப் பழகியவர்கள் நாம். இங்கோ தொழுகின்றவரே நாயகர். நம் பிள்ளைகள் நிமிர்ந்து அமர்ந்து பார்த்ததில் வியப்பில்லை.

ஆயினும், 13ஆம் நூற்றாண்டினரான எர்துருலைப் பற்றிய உறுதியான சான்றுகள் மிகக் குறைவு. உதுமானியரின் விரிவான வரலாற்று நூல்கள் 15ஆம் நூற்றாண்டிலேயே எழுந்தன. எனவே, தொடரின் 150 பகுதிகளில் பெரும்பங்கு கற்பனையே.

கற்பனை வீரரை அறிந்த நம் பிள்ளைகள், பால்கன் போரில் காயமுற்ற துருக்கியருக்குச் சிகிச்சையளிக்க 1912இல் மருத்துவக் குழுவுடன் புறப்பட்ட டாக்டர் அன்சாரியை அறிவார்களா? 1920 ஆகஸ்டில் மௌலானா சௌகத் அலியுடன் வந்த காந்தியடிகள், கிலாபத்துக்காக இதே சென்னைக் கடற்கரையில் பேசியதை அறிவார்களா?

தொடரைத் தடுக்க வேண்டுமென நாம் கூறவில்லை. பிள்ளைகளோடு அமர்ந்து பாருங்கள். இஷாவுக்குப் பாங்கு சொன்னதும் நிறுத்துங்கள். தொழுது வந்தபின் இவ்வரலாற்றையும் சொல்லுங்கள். வல்ல அல்லாஹ் அருள்புரிவானாக! ஆமீன்.