நெல்லின் உயரம்



கதிர் முற்றிய நேரத்தில் மழையும் காற்றும் சேர்ந்தால் நெல் சாய்ந்துவிடும். உரம் போடப் போட நெடுநெடுவென்று வளர்ந்த பழைய ரகங்கள் பலவற்றுக்கும் இதே கதிதான். நெல்லின் உயரத்தை எது தீர்மானிக்கிறது? அதற்கான முதல் தடயம் ஒரு நோயிலிருந்து கிடைத்தது.

அந்த நோய் கண்ட நாற்றுகள் வெளிறிப்போய், மற்றவற்றைவிட நெட்டையாக வளர்ந்து வீணாகும். 1926-இல் தைவானில் பணியாற்றிய ஜப்பானிய ஆய்வாளர் குரோசாவா, நோய்ப் பூசணம் வளர்ந்த திரவத்தை வடிகட்டி, பூசணமே இல்லாத அந்த நீரை நல்ல நாற்றுகளுக்குக் கொடுத்தார். அவையும் நெட்டையாயின. திரவத்தில் இருந்த பொருள்தான் ஜிப்ரலின். செடிகளும் இந்த ஹார்மோனைத் தாமே சுரக்கின்றன என்பது பின்னர் தெரியவந்தது.

1966-இல் பிலிப்பைன்ஸில் உள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையம் ஐ.ஆர்.8 ரகத்தை வெளியிட்டது. உரத்தை ஏற்றுக்கொண்டு சாயாமல் நின்ற குட்டை நெல் அது. குட்டைத்தன்மை தைவானின் பழைய ரகம் ஒன்றிலிருந்து வந்தது. அதன் காரணம் 2002-இல்தான் புலப்பட்டது: ஜிப்ரலினைத் தயாரிக்கும் நொதி ஒன்றுக்கான மரபணுவில் 383 டி.என்.ஏ. எழுத்துகள் விடுபட்டிருந்தன. ஹார்மோன் குறைந்தால் மணி பிடிப்பது கெடாதா? கெடவில்லை. அதே நொதியைத் தரும் இன்னொரு மரபணு பூக்களில் இயங்குகிறது. தண்டு மட்டும் குட்டையானது, கதிருக்குக் குறைவில்லை. கோடிக்கணக்கானோரின் பசியைத் தணித்தது, பழுதுபட்ட ஒரு மரபணு! இதை எத்தனை முறை நினைத்தாலும் எனக்கு வியப்புத் தீர்வதில்லை.

வெள்ளத்திலும் இதே ஹார்மோன்தான் விளையாடுகிறது. மூழ்கிய பயிருக்குள் எத்திலீன் வாயு வெளியேற வழியின்றித் தேங்கும். உடனே ஜிப்ரலினின் தூண்டுதலால் பயிர் மேலே எட்டிப் பார்க்க நீளும். சேமித்த மாவுச்சத்தையெல்லாம் அதிலேயே செலவழித்து, வெள்ளம் வடிவதற்குள் மடியும். ஒடிசாவின் பாரம்பரிய நெல் ஒன்றிலிருந்து வந்த 'சப்-1' மரபணு இந்த அவசரத்தை அடக்குகிறது. பயிர் வளராமல், சத்தைச் செலவழிக்காமல் இரண்டு வாரம் வரை தாக்குப்பிடிக்கும். தண்ணீர் வடிந்ததும் மீண்டும் துளிர்க்கும். காவிரி டெல்டாவின் தாழ்வான வயல்களுக்கு இன்று கிடைக்கும் சி.ஆர்.1009 சப்-1 ரகத்தில் இருப்பது இந்த மரபணுதான்.

குட்டைத்தன்மையும் வெள்ளம் தாங்கும் குணமும் விவசாயிகள் தலைமுறை தலைமுறையாகக் காத்துவந்த விதைகளில் இருந்தவை. உங்கள் ஊரில் யாரேனும் இன்னமும் பழைய நெல் ரகம் ஒன்றைப் பயிரிட்டுவந்தால், அதில் ஒரு படி விதையாவது கேட்டு வாங்கி, உங்கள் வயலிலும் ஒரு மூலையில் விதைத்து வையுங்கள்.