கல்லூரியில் எப்பாடம் பயில்வது?

(வெள்ளி விழாவின் கல்வி அரங்கில், அரசு உயர்நிலைப் பள்ளித் தலைமையாசிரியர் ஒருவர் ஆற்றிய உரை)



இக்கழகம் தோன்றிய நாளில் நம் தெருக்களில் எழுந்த வினா, ‘பிள்ளையைக் கல்லூரிக்கு அனுப்புவதா, கூலிக்கு அனுப்புவதா?’ என்பது. இருபத்தைந்து ஆண்டுகளில் அவ்வினா பெரும்பாலும் மறைந்துவிட்டது. இன்று மே மாதம் பிறந்தால் நம் வீட்டு வாசலில் வந்து நிற்கும் பெற்றோர் கேட்பது, ‘ஐயா, எதில் சேர்த்தால் வேலை கிடைக்கும்?’ என்பதே. வினா வளர்ந்திருக்கிறது, மகிழ்ச்சி. ஆயின் விடை தேடும் முறை வளரவில்லை. அடுத்த தெருப் பையன் எதில் சேர்ந்தானோ, அதிலேயே நம் பையனும் சேருகிறான். பேருந்தின் பின்புறத்தில் எந்தக் கல்லூரியின் விளம்பரம் பெரிதாகத் தெரிகிறதோ, அங்கே நம் பெண்ணைச் சேர்க்கிறோம். திருமணத்திற்குப் புடவை எடுக்க மூன்று கடை ஏறி இறங்கும் நாம், பட்டப்படிப்பின் முதன்மைப் பாடத்தை அரை மணி நேரத்தில் முடிவு செய்துவிடுகிறோம்.

வசதியுள்ள வீட்டுப் பிள்ளை பொருந்தாத பாடத்தில் சேர்ந்துவிட்டால் அதனால் அவன் குடி மூழ்கிவிடாது. தந்தையின் கடை இருக்கிறது. மாமனின் தொழிற்கூடம் இருக்கிறது. இல்லையேல் இன்னொரு பட்டம் படிக்கப் பணம் இருக்கிறது. நம் பிள்ளைகளுக்கு நிலை வேறு. பத்தாம் வகுப்பிற்கு மேற்பட்ட படிப்பிற்கான மத்திய அரசின் கல்வி உதவித்தொகைத் திட்டம் 1944-ஆம் ஆண்டு முதல் நடந்து வருகிறது. நம்மில் படித்து முன்னேறியவர்களுள் மிகப் பலர் அதன் துணையால் படித்தவர்களே. அத்திட்டத்தின் விதிகளுள் ஒன்றை நீங்கள் ஊன்றிக் கவனிக்க வேண்டும். ஒரு நிலையில் ஒரு பட்டம் முடித்தவர், அதே நிலையில் வேறு பாடத்தில் மீண்டும் சேர்ந்தால் உதவித்தொகை கிடையாது. பி.ஏ. முடித்துவிட்டு, ‘இதில் வேலை இல்லை, பி.காம். படிக்கிறேன்’ என்று சென்றால் அப்படிப்பு சொந்தச் செலவில்தான். ஆகவே, நம் பிள்ளைக்கு ஒரு நிலையில் ஒரு முறையே வாய்ப்பு. பாடத்தேர்வைப் பற்றி ஒரு மணி நேரம் பேச வேண்டும் என்று கழகத்தாரிடம் நாமே கேட்டுக்கொண்டதற்கு இதுவே காரணம்.

இன்னொன்றையும் உடனே சொல்லிவிடுகிறோம். நிர்வாக ஒதுக்கீட்டில் இடம் வாங்கிச் சேர்ந்தோர்க்கு இவ்வுதவித்தொகை இல்லை. ‘கலந்தாய்வுக்கெல்லாம் அலைய வேண்டாம், நேரே வாருங்கள், உதவித்தொகையை நாங்களே பெற்றுக்கொள்கிறோம்’ என்று வீடு தேடி வரும் முகவர்களை நம்பாதீர்கள். நம் ஊர்ப் பையன் ஒருவன் அவ்வாறு சேர்ந்து, இரண்டாம் ஆண்டில் கட்டணம் கட்ட இயலாமல் நின்றான். அவனுடைய பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்புச் சான்றிதழ்களைத் திரும்பப் பெறவே ஓராண்டு நடக்க வேண்டியதாயிற்று.

இனிப் பாடத்தேர்வுக்கு வருவோம். அது கல்லூரி வாசலில் தொடங்குவதாகப் பலரும் எண்ணுகின்றனர். உண்மையில் அது பதினொன்றாம் வகுப்பு வாசலிலேயே முடிந்துவிடுகிறது. பத்தாம் வகுப்பு மதிப்பெண்ணைப் பார்த்து, ‘நீ கணிதப் பிரிவு, நீ வணிகப் பிரிவு, நீ தொழிற்பிரிவு’ என்று ஐந்து நிமிடத்தில் பிள்ளைகளைப் பிரித்துவிடும் பள்ளிகள் உண்டு. அவ்விடத்தில் எதிர்த்துக் கேட்கும் பெற்றோர் இருந்தால் பிரிவு மாறுகிறது. கூலி வேலைக்குப் போய்விட்ட பெற்றோரின் பிள்ளைக்குக் கொடுத்ததே பிரிவு. கணிதம் இல்லாமல் பன்னிரண்டாம் வகுப்பை முடித்தவனுக்குப் பொறியியலின் பெரும்பகுதியும், கணிதம், இயற்பியல், புள்ளியியல் ஆகிய பட்டப்படிப்புகளும் அநேகமாக அடைபட்டுவிடும். உயிரியல் இல்லாதவளுக்கு மருத்துவமும் செவிலியமும் எட்டாமற் போகும். ஆதலால், உங்கள் பிள்ளை பத்தாம் வகுப்பு முடிக்கும் ஆண்டில் ஒரு நாள் கூலி போனாலும் போகட்டும், பள்ளிக்கு நேரில் வாருங்கள். தலைமையாசிரியர் என்ற முறையில் சொல்கிறோம்: நீங்கள் வந்து நின்றால் எங்களுக்கும் அது பலம்.

அடுத்து, ‘இன்றைக்கு எதற்கு மதிப்பு?’ என்னும் கேள்வி. தமிழ்நாட்டில் 1984-ஆம் ஆண்டு முதல் சுயநிதிப் பொறியியற் கல்லூரிகள் பெருகத் தொடங்கின. 2010-க்குப் பின் அவற்றின் எண்ணிக்கை ஐந்நூறைத் தாண்டிற்று. பின்பு இடங்கள் நிரம்பாமல் பல மூடப்பட்டதையும் கண்டோம். 2005-இல் கணினித் துறையில் வேலை கொழித்ததைக் கண்டு அப்படிப்பில் சேர்ந்தவர்கள் 2009-இல் வெளிவந்தபோது, 2008-ஆம் ஆண்டின் உலகப் பொருளாதார நெருக்கடியால் நிறுவனங்கள் ஆள் எடுப்பதைச் சுருக்கியிருந்தன. பணி ஆணை கையிலிருந்தும் மாதக்கணக்கில் வீட்டிலே காத்திருந்தவர்கள் உண்டு. சேரும் ஆண்டின் சந்தை வேறு, முடித்து வெளிவரும் ஆண்டின் சந்தை வேறு. இன்று செயற்கை நுண்ணறிவு என்னும் பெயர் ஒட்டாத பாடப்பிரிவே இல்லை என்னும்படி ஆகிவிட்டது. பெயர்ப்பலகை எழுத ஒரு நாள் போதும். கற்பிக்க ஆசிரியரும் ஆய்வுக்கூடமும் வேண்டுமே! பொறியியல் வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. கணிதத்தில் கைதேர்ந்த பிள்ளை கலந்தாய்வின் வழியே நல்ல கல்லூரியில் இடம் பெற்றால் கண்ணை மூடிக்கொண்டு சேரலாம். 2021 முதல் அரசுப் பள்ளி மாணவர்க்கு அதில் 7.5 விழுக்காடு தனி ஒதுக்கீடும் இருக்கிறது. ஆனால் கணிதத்தில் தட்டுத்தடுமாறித் தேறிய பிள்ளையை, ‘இன்ஜினியர்’ என்று ஊரார் அழைக்க வேண்டும் என்பதற்காக அங்கே தள்ளாதீர்கள்.

அப்படியானால் எதைக் கொண்டு அளப்பது? நம் நெடுநாளைய அனுபவத்தில் ஓர் அளவுகோல் வைத்திருக்கிறோம். படிப்புகளுள் சில, முடித்தபின் வேலை கிடைக்க அறிமுகம் வேண்டுவன. வேறு சில, சான்றிதழே உரிமமாக நிற்பன. வணிக மேலாண்மை படித்தவன் வேலைக்குப் போகுமிடத்தில், ‘தம்பிக்கு எந்த ஊர்? அப்பா என்ன செய்கிறார்?’ என்று கேட்கிறார்கள். அக்கேள்வியின் உட்பொருள் என்னவென்று உங்களுக்கு நாம் விளக்க வேண்டியதில்லை. ஆனால், பதிவுபெற்ற மருந்தாளுநர் இல்லாமல் மருந்துக்கடை நடத்தச் சட்டம் இடந்தராது. செவிலியர் பதிவு பெற்றவளை, அவள் எந்தத் தெருவிலிருந்து வந்தாலும், செவிலியர் அல்லள் என்று ஒருவரும் சொல்ல முடியாது. சார்ட்டர்டு அக்கவுண்டன்ட் தேர்வில் விடைத்தாள் திருத்துவோர்க்கு எழுதியவரின் பெயர் தெரியாது. முதல் தலைமுறையாகப் படிப்பவர்கள் இரண்டாம் வகையை முதலில் எண்ணிப் பார்க்க வேண்டும் என்பது நம் கருத்து. ‘அக்கவுண்டன்ட் படிப்பு நமக்கெல்லாம் எட்டுமா?’ என்று தயங்குகிறார்கள். பன்னிரண்டாம் வகுப்பு முடித்தவர் எவரும் அதன் முதல் நிலைத் தேர்வை எழுதலாம். பயிற்சிக் காலத்தில் சிறு தொகையும் தருகிறார்கள். கடினமான தேர்வுதான், மறுக்கவில்லை. வணிகவியலில் நன்கு தேறும் பிள்ளைகள் நம் தெருக்களில் பலர் இருக்கின்றனர். ஆயினும் அவர்களுள் இத்தேர்வின் பெயரையேனும் அறிந்தவர் சிலரே.

அண்ணல் அம்பேத்கரின் வாழ்வை இக்கண்ணோட்டத்தில் ஒருமுறை நினைத்துப் பாருங்கள். 1913-இல் பரோடா மன்னரின் உதவித்தொகையில் கொலம்பியா பல்கலைக்கழகம் சென்ற அவர், பொருளியலை முதன்மைப் பாடமாகப் பயின்றார். 1917-இல் பரோடா அரசுப் பணிக்குத் திரும்பியபோது, அவ்வளவு பெரிய பட்டம் பெற்றவருக்கு அந்நகரில் தங்க ஓர் இடம் கிட்டவில்லை. பார்சி விடுதியிலிருந்தும் விரட்டப்பட்டார். பணியை விட்டு நீங்கி, 1918-இல் பம்பாய் சிடன்ஹாம் கல்லூரியில் பொருளியல் பேராசிரியரானார். அத்துடன் அவர் நின்றாரா? 1920-இல் மீண்டும் இலண்டன் சென்று, பொருளியலில் உயர் பட்டம் பெற்றதோடு பாரிஸ்டர் பட்டத்தையும் முடித்துத் திரும்பினார். எவர் தயவும் இன்றித் தம் காலில் நின்று, அதே வேளையில் பொதுப்பணியும் ஆற்ற ஒரு தொழில் வேண்டும் என்று கருதியே வழக்கறிஞரானார். பொருளியல் அவருக்கு அறிவைத் தந்தது. சட்டம் சுதந்திரத்தைத் தந்தது. பாடத்தேர்வு என்பதை அவ்வளவு கருத்தோடு செய்தவர் அவர்.

சட்டப் படிப்பைப் பற்றி இங்கே கூடுதலாகச் சில சொற்கள். பன்னிரண்டாம் வகுப்பிற்குப் பின் ஐந்தாண்டு, பட்டத்திற்குப் பின் என்றால் மூன்றாண்டு. வழக்கறிஞராகப் பதிவு செய்யப் பல்லாயிரம் ரூபாய் கேட்டு வந்தனர். 2024 ஜூலையில் உச்ச நீதிமன்றம், சட்டத்தில் கண்டபடி பொதுப்பிரிவினர்க்கு 750 ரூபாய்க்கும், பட்டியல் இனத்தார்க்கும் பழங்குடியினர்க்கும் 125 ரூபாய்க்கும் மேல் பதிவுக் கட்டணம் பெறலாகாது என்று தீர்ப்பளித்துவிட்டது. எனினும் ஒன்றை மறைக்கக் கூடாது. தொழிலில் முதல் சில ஆண்டுகள் வருவாய் மிகக் குறைவு. மூத்த வழக்கறிஞரின் அறையில் இடம் பெறவும் அறிமுகம் தேவைப்படுகிறது. வீட்டில் இன்னொருவர் சம்பாத்தியம் இருந்தால் துணிந்து இறங்கலாம்.

அரசுப் பணியே குறி என்போர் நம்மில் மிகுதி. அவர்களுக்கு நாம் சொல்வது: பாடத்தைத் தேர்ந்துவிட்டுப் பணியைத் தேடாதீர்கள், பணியின் அறிவிக்கையைப் படித்துவிட்டுப் பாடத்தைத் தேருங்கள். தமிழ்நாடு அரசுப் பணியாளர் தேர்வாணையத்தின் குரூப் 1 தேர்வுக்கு ஏதேனும் ஒரு பட்டம் போதும். அங்கே பி.ஏ. தமிழும் பி.இ.யும் ஒன்றே. வேளாண்மை அலுவலர் பணிக்கோ வேளாண்மைப் பட்டமே வேண்டும். மத்திய தேர்வாணையம் நடத்தும் இந்தியப் புள்ளியியல் பணித் தேர்வுக்குப் புள்ளியியல் படித்திருக்க வேண்டும்; இந்தியப் பொருளியல் பணிக்குப் பொருளியலில் முதுகலை வேண்டும். மத்திய அரசுப் பணிகள் இவை. இருந்தும் நம் மாணவர் பலர் இவற்றைக் கேள்விப்பட்டதே இல்லை.

ஆசிரியர் ஆக விரும்புவோர் மிகவும் விழிப்பாக இருக்க வேண்டும். புதுப்புதுப் பெயர்களில் பட்டங்கள் வந்துவிட்டன. அவற்றுள் எல்லாமே பள்ளி ஆசிரியர் பணிக்கு ஏற்கப்படுவதில்லை. ஒரு பட்டம் மற்றொன்றுக்கு இணையா, இல்லையா என்று அரசு தனித்தனியே ஆணை வெளியிடுகிறது. இயற்பியல், வேதியியல், தாவரவியல், விலங்கியல், கணிதம், ஆங்கிலம், தமிழ், வரலாறு, புவியியல் என்னும் பழம்பெயர்களுக்கு அத்தொல்லை இல்லை. நாம் வரலாறு படித்துப் பி.எட். முடித்தவர், நம் பட்டத்திற்கு இணைச்சான்று கொண்டுவரும்படி இதுவரை எவரும் கேட்டதில்லை! புதுப்பெயர்ப் பட்டத்தில் சேருமுன் அந்த ஆணையைக் காட்டும்படி கல்லூரியிலேயே கேளுங்கள்.

தமிழ்வழிக் கல்வியை நம் பிள்ளைகள் கூச்சத்தோடு மறைப்பதைப் பார்க்கிறோம். மாநில அரசுப் பணியிடங்களில் தமிழ்வழியில் படித்தோர்க்கு 20 விழுக்காடு முன்னுரிமை வழங்கும் சட்டம் 2010-இல் வந்தது. 2020-ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி, பள்ளிக் கல்வி தொட்டு அப்பணிக்குரிய கல்வித்தகுதி வரை முழுவதையும் தமிழ்வழியில் படித்திருக்க வேண்டும். பன்னிரண்டு ஆண்டு அரசுப் பள்ளியில் தமிழில் படித்துவிட்டு, பட்டத்தை மட்டும் ஆங்கிலவழியில் முடித்த பையன், பட்டம் வேண்டும் பணிகளில் அவ்வுரிமையை இழந்துவிடுகிறான். மாநில அரசுப் பணியில் உறுதியாக இருப்பவர், அரசு கலைக் கல்லூரியில் தமிழ்வழிப் பிரிவு இருக்கிறதா என்று முதலில் கேட்க வேண்டும். ஆங்கிலம் கற்க வேண்டாம் என்பதன்று. ஆங்கிலத்தைப் பாடமாக நன்றாகவே படியுங்கள்.

பிழைப்பு ஒன்றையே பேசுகிறோமே, பிள்ளையின் விருப்பம் எங்கே என்று இளைஞர்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. கேரளத்தில் உழவூரில் நம்மைப் போன்றதொரு குடும்பத்தில் பிறந்த கே.ஆர். நாராயணன் படித்தது ஆங்கில இலக்கியம். திருவிதாங்கூர்ப் பல்கலைக்கழகத்தில் முதலிடம் பெற்று, இலண்டன் சென்று அரசியல் பயின்று, வெளியுறவுப் பணியில் சேர்ந்து, 1997-இல் நாட்டின் குடியரசுத் தலைவரானார். இலக்கியம் படித்ததனால் அவர் தாழ்ந்துவிடவில்லை. கலைப் பாடங்களை மட்டம் என்று பேசுவது நமக்கு உடன்பாடன்று. நம் மக்களின் வரலாற்றை நாமே எழுதாவிடில் வேறு யார் எழுதுவார்? வெளிநாட்டில் உயர்கல்வி பயிலப் பட்டியல் இனத்தார்க்கு மத்திய அரசு வழங்கும் உதவித்தொகையின் 2022-ஆம் ஆண்டு விதிகளில், இந்திய வரலாறு, பண்பாடு, இந்தியச் சமூகவியல் ஆகியவை பற்றிய ஆய்வுகள் நீக்கப்பட்டன. நம்மைப் பற்றி நாம் ஆராய்வதற்கு உதவி இல்லை என்றால் அதன் பொருள் என்ன? இத்தகைய தடைகளை எதிர்த்துக் குரல் கொடுக்க வேண்டும். விருப்பப் பாடத்தில் சேரும் பிள்ளையிடம் நாம் கேட்பது ஒன்றுதான்: அப்பாடத்தில் முதுகலை வரை செல்லும் உறுதியும், முதல் வகுப்பில் தேறும் முனைப்பும் இருக்கின்றனவா? அரைகுறை விருப்பத்திற்கு மூன்றாண்டுகளைக் கொடுக்க நம்மால் இயலாது.

பெண்மக்களின் பெற்றோர்க்கு ஒரு வார்த்தை. ‘பெண்தானே, பக்கத்தில் என்ன கல்லூரி இருக்கிறதோ அதில் கிடைக்கும் பாடம் போதும்’ என்கிறீர்கள். தூரத்தைப் பார்த்துப் பாடத்தைத் தேர்வது பெண்ணுக்கு மட்டும் ஏன்? அரசுப் பள்ளிகளில் ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை படித்த பெண்களுக்குப் புதுமைப் பெண் திட்டத்தில் 2022 முதல் மாதம் 1000 ரூபாய் வழங்கப்பட்டு வருகிறது. அரசு விடுதிகளும் இருக்கின்றன. விடுதியின் நிலை சரியில்லை என்றால் கழகத்திடம் சொல்லுங்கள். ஆட்சியரிடம் கழகம் செல்லட்டும். அதற்காகப் பெண்ணின் படிப்பை நிறுத்தவோ மாற்றவோ வேண்டா.

கழகத்தாரிடம் ஒரு வேண்டுகோள் வைக்கிறோம். இருபத்தைந்து ஆண்டுகளில் கழகத்தின் உதவி பெற்றுப் படித்தவர்களின் பெயர்கள் பதிவேட்டில் இருக்கின்றன. ஒவ்வொரு பெயருக்கும் எதிரே, எப்பாடம் படித்தார், எவ்வளவு செலவாயிற்று, முடித்தபின் எத்தனை மாதம் கழித்து, எவ்வேலையில், என்ன ஊதியத்தில் சேர்ந்தார் என்பவற்றைக் கேட்டு எழுதுங்கள். வேலை கிடைக்காதவர்களின் விவரத்தையும் விடாமல் எழுதுங்கள். அதுவே மிகவும் பயன்படும். வருகிற மே மாதத்தின் ஞாயிற்றுக்கிழமைகளில் அப்பதிவேட்டோடு கழக அலுவலகத்தில் உட்கார நாம் ஆயத்தமாக இருக்கிறோம். பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்பு முடித்த பிள்ளைகள் மதிப்பெண் சான்று, சாதிச் சான்று, வருமானச் சான்று ஆகியவற்றோடு வாருங்கள். தாய் தந்தையரில் ஒருவரையேனும் உடன் அழைத்து வாருங்கள். கலந்தாய்வு விண்ணப்பத்தை அங்கேயே பூர்த்தி செய்யலாம். கணினி தட்டத் தெரிந்த இளைஞர் இருவர் நம்மோடு இருந்தால் போதும். பெயர் கொடுக்க விரும்புவோர் கூட்டம் முடிந்ததும் மேடைக்கு வருக.