பிள்ளையின் கையில் கடிகாரம்

(2025ஆம் ஆண்டு நவராத்திரி விழாவின்போது நம் ஆலய மண்டபத்தில் பெற்றோர்க்கு ஆற்றிய உரை)



பதின்மூன்று, பதினான்கு வயதுப் பிள்ளைகளுக்கு நேரத்தின் அருமையை உணர்த்துவது எப்படி என்பது பற்றிப் பேசுமாறு செயலாளர் அவர்கள் பணித்தபோது நான் மிகவும் தயங்கினேன். நான் கல்வியாளன் அல்லன். அந்த வயதுப் பையன் ஒருவன் எங்கள் வீட்டில் இருக்கிறான் என்பது ஒரு தகுதி. அவனிடம் ஓராண்டுக் காலம் தோற்றவன் நான் என்பது இன்னொரு தகுதி.

1982 ஜனவரி முதல் நாள், நம் நாட்டுக் கடிகாரங்கள் யாவும் அரைமணி நேரம் முன்னே தள்ளி வைக்கப்பட்டன. இங்குள்ள முதியோர்க்கு அது நினைவிருக்கும். ஒரே இரவில் ஒரு நாடே அரைமணி நகர்ந்துவிட்டது. எங்கள் பையனை அரைமணி முன்னதாக எழச் செய்ய எங்களுக்கு ஓராண்டு போதவில்லை.

2024இல் அவன் உயர்நிலை ஒன்றில் சேர்ந்தான். தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வு வரை அவனுக்கு நாங்களே கடிகாரமாக இருந்தோம். எப்போது எழுவது, எப்போது படிப்பது, எந்தப் பயிற்சித்தாளை முதலில் முடிப்பது என்பனவெல்லாம் எங்கள் முடிவு. உயர்நிலைப் பள்ளியிலோ பாடத்துக்கு ஓர் ஆசிரியர், மாலையில் இணைப்பாட நடவடிக்கை, கையில் சொந்தமாக ஒரு மடிக்கணினி. மேலும், 2023ஆம் ஆண்டுக்குள் நம் தொடக்க, உயர்நிலைப் பள்ளிகள் அனைத்திலும் அரையாண்டுத் தேர்வுகள் நீக்கப்பட்டுவிட்டன. பிள்ளைகளின் பாரத்தைக் குறைத்த நல்ல முடிவு அது. அதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் ஆண்டின் நடுவே இருந்த அந்த வேலி போனபிறகு, தன் ஓட்டத்தைத் தானே அளந்துகொள்ளத் தெரியாத பிள்ளைக்கு அக்டோபர் மாதம் திடீரென்று வந்து நிற்கிறது. எங்கள் வீட்டிலும் அப்படித்தான் வந்து நின்றது.

நாங்கள் செய்தது என்ன? குளிர்பதனப் பெட்டியின் கதவில் ஒரு பெரிய கால அட்டவணையை ஒட்டினோம். நான்கு வண்ணங்களில் கோடு போட்டு எழுதியவன் நான். எழுதியபோது எனக்கு இருந்த ஊக்கம் சிறிதும் அவனுக்கு இல்லை என்பதை அப்போது நான் கவனிக்கவில்லை. "எழுந்திரு", "படி", "கைப்பேசியை வை" என்ற மூன்று சொற்களே எங்கள் இல்லத்தின் நாமாவளியாயின. ஆண்டிறுதித் தேர்வில் மதிப்பெண் குறைந்தது என்பதைவிட, தந்தையும் மகனும் ஒரே மேசையில் அமர்ந்து உண்பதே குறைந்துபோனதுதான் எனக்குப் பெரும் வேதனை.

அவ்வாண்டு முடிவில், தைப்பூசத்துக்குப் பால்குடம் எடுக்கப்போவதாக அவனாகவே சொன்னான். அவன் நண்பர்கள் இருவர் எடுக்கிறார்கள் என்பதே காரணம். பெரிய பக்தி என்று நான் மிகைப்படுத்தமாட்டேன். 2025இல் பூசம் பிப்ரவரி 11, செவ்வாய்க்கிழமை. 1968ஆம் ஆண்டில் தைப்பூசம் இங்குப் பொது விடுமுறைப் பட்டியலிலிருந்து நீங்கிவிட்டதை அறிவீர்கள். ஆகவே பள்ளியில் முன்கூட்டியே அனுமதி பெறவேண்டும். விடுபடும் பாடங்களை முன்னரே கேட்டறிய வேண்டும். இருபத்தொரு நாள் விரதம் இருக்கவேண்டும். இடையில் சீனப் புத்தாண்டு வேறு வந்தது. நண்பர்கள் வீட்டு விருந்துகளில் ஆரஞ்சுப் பழத்தோடு எழுந்து வரவேண்டும்.

விரதத்தின் முதல்நாள் விடியற்காலை ஐந்தரை மணிக்கு வழக்கம்போல் அவனை எழுப்ப என் மனைவி சென்றாள். படுக்கை காலியாக இருந்தது. குளியலறையில் விளக்கு எரிந்தது. அவள் திரும்பி வந்து என்னிடம் ஒன்றும் சொல்லாமல் கட்டிலில் அமர்ந்திருந்தாள். அந்த இருபத்தொரு நாளும் ஒருவரும் அவனை எழுப்பவில்லை. நிசி வேளையில் சிராங்கூன் சாலை ஸ்ரீ சீனிவாசப் பெருமாள் ஆலயத்திலிருந்து குடம் சுமந்து, மூன்று கிலோமீட்டருக்கும் மேல் நடந்து, டேங்க் ரோடு ஸ்ரீ தெண்டாயுதபாணி ஆலயத்தை அடைந்தான். நான் பின்னால் நடந்து சென்றேன். வழிநெடுக ஒருமுறைகூட "வேகமாக நட" என்று சொல்ல எனக்கு வாய்ப்பு நேரவில்லை.

பூசம் முடிந்த அடுத்த வாரமே மீண்டும் ஏழு மணிவரை உறங்கினான். உள்ளதை உள்ளபடி சொல்லவேண்டும் அல்லவா!

ஆயினும் அந்த மூன்று வாரங்கள் எங்களைச் சிந்திக்க வைத்தன. சோம்பேறி என்று நாங்கள் முடிவுகட்டிய பிள்ளையால் அது எப்படி இயன்றது? விரதம் அவனே ஏற்றது. அதற்கு ஒரு முடிவு நாள் உண்டு. அந்நாளை யாருக்காகவும் தள்ளிவைக்க மாட்டார்கள். செய்யவேண்டியவை சிலவே. எங்கள் அட்டவணையிலோ முப்பதுக்கும் மேற்பட்ட கட்டங்கள் இருந்தன. அவற்றில் ஒன்றைக்கூட அவன் தேர்ந்தெடுக்கவில்லை.

நம் ஆலயத்தையே பாருங்கள். உஷத்காலம் முதல் அர்த்தசாமம் வரை ஆறு காலமும் பூஜைக்கு நேரம் வகுத்திருப்பது ஆகம மரபு. உச்சிக்கால பூஜை முடிந்ததும் நடை சாத்தப்படுகிறது. பிந்தி வருபவரை யாரும் ஏசுவதில்லை. அறிவுரை கூறுவதும் இல்லை. கதவு சாத்தியிருக்கிறது, மாலையில் திறக்கும், அவ்வளவே. மறுமுறை அவர் முன்னதாக வருகிறார். வீட்டில் நாம் இதற்கு நேர்மாறு. அரைமணி நேரம் ஏசிவிட்டு, பிறகு கதவையும் நாமே திறந்துவிடுகிறோம்.

அட்டவணையைக் கிழித்தேன். ஒரே ஒரு காரியத்தைத் தேர்ந்துகொள் என்றோம். இரவு ஒன்பது மணிக்குள் மறுநாள் பையை அடுக்கிவிட்டுக் கைப்பேசியைக் கூடத்தில் வைப்பது என்று அவன் தேர்ந்தான். "அப்பா, நீங்களும் வைப்பீர்களா?" என்று கேட்டான். இந்தக் கேள்விக்கு நான் ஆயத்தமாக இல்லை. முதல் வாரம் அவனைவிட நான்தான் அதிகம் தவித்தேன்.

ஒருநாள் ஒப்படைப்பு ஒன்றை முடிக்காமல் உறங்கிவிட்டான். தானே உட்கார்ந்து முடித்துக்கொடுக்கத் தாய் துடித்தாள், நான் தடுத்தேன். மறுநாள் ஆசிரியரிடம் தானே சொல்லி, வகுப்பு முடிந்தபின் தங்கி எழுதிவிட்டு வந்தான். அன்றிரவு எங்கள் இருவர்க்கும் உறக்கமில்லை. அவன் நன்றாகவே உறங்கினான்.

படிக்கும் நேரத்துக்கு நாழிகைக் கணக்கைச் சொல்லிக்கொடுத்தேன். ஒரு நாழிகை இருபத்து நான்கு நிமிடம். அறுபது நாழிகை ஒரு நாள். ஒரு நாழிகை படி, சற்று எழுந்து நட, மீண்டும் அமர். இத்தாலியரான பிரான்செஸ்கோ சிரில்லோ என்பவர் 1980களின் இறுதியில், மாணவராக இருந்தபோது, தக்காளி வடிவிலான சமையலறைக் கடிகாரத்தை வைத்துக்கொண்டு இருபத்தைந்து நிமிடப் படிப்பு, ஐந்து நிமிட ஓய்வு என்ற முறையைக் கண்டார். இன்று அது உலகெங்கும் பரவியுள்ளது. நம் முன்னோர் ஒரு நிமிடம் குறைவாகவே வைத்தார்கள் என்று நாம் மார்தட்ட வேண்டியதில்லை. அவர்கள் நாழிகை வகுத்தது கணக்குப் பாடம் படிக்க அன்று. பையனுக்கு அந்தச் சொல் பிடித்திருக்கிறது, அது போதும். திருக்குறளில் 'காலமறிதல்' என்று ஓர் அதிகாரமே உண்டே என்று சிலர் பிள்ளைகளிடம் எடுத்துக்காட்டுவர். அது வினைசெய்யத் தக்க காலத்தை அறிந்து காத்திருப்பது பற்றியது. எங்கள் பையன் அதை முறையாகப் படித்தால், "தக்க காலத்துக்குக் காத்திருக்கிறேன்" என்று படுத்துக்கொள்வான்!

1991இல் சிண்டா தோன்றிய காலந்தொட்டு நம் பிள்ளைகளுக்குத் துணைப்பாட வகுப்புகள் கிடைத்து வருகின்றன. வகுப்பைச் சமூகம் தரலாம். அங்கு நேரத்தோடு போய் அமரும் பழக்கம் வீட்டில்தான் பிறக்கவேண்டும். அதற்கு மாதங்கள் ஆகும். எங்கள் வீட்டில் ஏழு மாதங்கள் ஆகியும் பாதிவழிதான் வந்திருக்கிறோம். காலை எழுவதில் இன்னும் தகராறு உண்டு.

சரஸ்வதி பூஜையன்று புத்தகங்களை அம்பாளின் திருமுன் அடுக்கிவிட்டால் அன்று படிக்கலாகாது என்பது நம் வழக்கம். தேர்வுக் காலத்தில் வரும் இந்தச் சலுகையைப் பிள்ளைகள் எவ்வளவு விரும்புவார்கள் என்று சொல்லத் தேவையில்லை. சென்ற ஆண்டு எல்லாப் புத்தகங்களையும் முதல் ஆளாகக் கொண்டுவந்து வைத்தவன் இவன்தான். இவ்வாண்டு, "புத்தகத்தை எப்போது திரும்ப எடுக்கலாம்?" என்று தாயைக் கேட்டிருக்கிறான். மறுநாள் காலை என்றாள். சற்று நேரம் விரல்விட்டு எண்ணினானாம். நேற்றிரவு அவன் மேசையில் ஒரு துண்டுத்தாள் கிடந்தது. பூஜைக்கு முன்னதாக எந்தெந்தப் பாடத்தை எத்தனை நாழிகையில் முடிப்பது என்று அவன் கையெழுத்தில் எழுதியிருந்தது. வண்ணம் ஏதும் தீட்டவில்லை. ஓரிடத்தில் கூட்டலும் பிழை. நான் அதைத் திருத்தாமல் வைத்துவிட்டு வந்தேன்.