‘அலை’ என்றொரு நாவலும் எங்கள் கரையும்



எங்கள் ஊரில் ‘அலை’ என்ற சொல்லை இப்போது யாரும் சும்மா சொல்வதில்லை. 2004 டிசம்பர் 26ஆம் திகதிக்குப் பின்னர் அந்தச் சொல்லுக்குள் வேறொன்று வந்து குடியேறிவிட்டது. மருதமுனையிலும் கல்முனைக்குடியிலும் சாய்ந்தமருதிலும் கடலோர வீதிகள் அன்று எப்படிக் கிடந்தன என்பதைப் பார்த்தவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. ஆகவே பல்கலைக்கழகத்திலிருந்து விடுமுறைக்கு வந்திருந்த என் மருமகள், கையில் வைத்திருந்த ஆங்கிலப் புத்தகத்தின் பெயரைத் தமிழாக்கி ‘அலை’ என்று சொன்னதும், என் தங்கை அடுப்படியிலிருந்தே சத்தம் போட்டாள். “அந்தக் கதை என்னத்துக்குப் புள்ள இந்த ஊட்டுக்குள்ள?”

“இது கடல் அலை இல்ல உம்மா. பள்ளிக்கூடத்துல நடந்த கதை” என்றாள் மகள். பின்பு என் பக்கம் திரும்பி, “வாசிச்சுப் பாருங்க மாமா. எங்கட கம்பஸ் கதை மாதிரியே இருக்கு” என்று புத்தகத்தைத் தந்தாள்.

அன்றிரவே வாசித்து முடித்தேன். மெல்லிய புத்தகம். பதின்வயதினருக்காக எழுதப்பட்ட நாவல். டொட் ஸ்ட்ராஸர் என்ற அமெரிக்கர், மோர்ட்டன் ரூ என்ற புனைபெயரில் 1981இல் வெளியிட்டது. முதலில் தொலைக்காட்சிப் படமாக எடுக்கப்பட்டு, அதன் வசனப் பிரதியிலிருந்து நாவலானது என்பதால் உரையாடல்தான் அதிகம். ஜேர்மனியில் பாடசாலைப் பிள்ளைகள் பரவலாகப் படிக்கும் புத்தகம் இது. 2008இல் அங்கே திரைப்படமாகவும் வந்தது.

கதையின் வேர் உண்மையானது. 1967ஆம் ஆண்டு, கலிபோர்னியாவின் பாலோ அல்ட்டோ நகரில் கபர்லி உயர்பாடசாலை என்றொரு பாடசாலை. ரொன் ஜோன்ஸ் என்ற இளம் சரித்திர ஆசிரியர் நாஸி ஜேர்மனியைப் பற்றிப் பாடம் நடத்திக்கொண்டிருந்தார். இவ்வளவு கொடுமை நடந்தபோது சாதாரண ஜேர்மானியர் தமக்கு ஒன்றுமே தெரியாது என்று எப்படிச் சொன்னார்கள் என்று மாணவர் கேட்க, அவரிடம் பதில் இருக்கவில்லை. பதிலுக்குப் பதிலாக ஒரு விளையாட்டைத் தொடங்கினார். திங்கட்கிழமை நேராக நிமிர்ந்து உட்காரப் பழக்கினார். பதில் சொல்வதானால் எழுந்து நின்று, ஆசிரியரின் பெயரை முதலில் சொல்லி, சுருக்கமாகச் சொல்ல வேண்டும். அடுத்தடுத்த நாட்களில் ஒரு வணக்க முறை வந்தது, அங்கத்துவ அட்டை வந்தது, ஒருவரையொருவர் காட்டிக்கொடுக்கும் வழக்கமும் வந்தது. முப்பது பேரளவில் தொடங்கிய வகுப்பு, வார முடிவில் இருநூறு பேர் கொண்ட இயக்கமாகிவிட்டது. வெள்ளிக்கிழமை எல்லாரையும் மண்டபத்தில் கூட்டி, உங்கள் தேசியத் தலைவர் தொலைக்காட்சியில் தோன்றப்போகிறார் என்றார். திரையில் எதுவும் தோன்றவில்லை. அதன் பின்பே, நீங்கள் யாராக மாறியிருக்கிறீர்கள் என்பதைச் சொன்னார்.

ஐந்தே நாட்கள். இதில் மிரட்டல் அதிகமில்லை, அடி உதை இல்லை என்பதைக் கவனிக்க வேண்டும். பிள்ளைகள் விரும்பியே சேர்ந்தார்கள்.

நாவலில் ஆசிரியரின் பெயர் பென் ரொஸ். பாடசாலைப் பத்திரிகையின் ஆசிரியையான லோரி என்ற மாணவி முதலில் சந்தேகிக்கிறாள். அவளுடைய நண்பன் டேவிட் இயக்கத்தின் பக்கம் நிற்கிறான். ஓர் இரவு அவளைப் பிடித்துத் தள்ளி வீழ்த்திய பிறகுதான் தன் கை என்ன செய்தது என்று விழிக்கிறான். இவ்வளவும் விறுவிறுப்பான கதைக்கு வேண்டிய சரக்குத்தான். பாத்திரங்கள் பலரும் தட்டையானவர்கள். மொழிநடையிலும் சொல்லும்படி ஒன்றுமில்லை. நீலாவணனையும் நுஃமானையும் தந்த கரையிலிருந்து வாசிக்கிறவர்களுக்கு இது இலக்கியமா என்ற கேள்வி எழலாம். எனக்கும் முதல் ஐம்பது பக்கம் வரை எழுந்தது.

அந்தக் கேள்வியை நிறுத்தியவன் ரொபர்ட் என்ற பையன். வகுப்பில் கடைசி மாணவன். சட்டை கசங்கியவன். சாப்பாட்டு மேசையில் அவன் வந்து உட்கார்ந்தால் மற்றவர்கள் எழுந்து போவார்கள். ‘அலை’ வந்த பிறகு அவன் நிமிர்கிறான். அவனோடு சேர்ந்து சாப்பிட ஆட்கள் இருக்கிறார்கள். ஆசிரியருக்கு மெய்ப்பாதுகாவலனாகக்கூட ஆகிவிடுகிறான். கடைசியில் இயக்கம் வெறும் பரிசோதனை என்று தெரிந்து எல்லாரும் தலைகுனிந்து கலைந்து போகும்போது, மண்டபத்தில் தனியே நின்று அழுகிறவன் இவன் ஒருவன்தான். மற்றவர்களுக்கு அது ஒரு பாடம். இவனுக்கு அதுவே வாழ்க்கை. ஆசிரியர் அவனைச் சாப்பிட அழைத்துப் போகிறார், கதை முடிகிறது. திங்கட்கிழமை ரொபர்ட் எந்த மேசையில் உட்கார்ந்தான் என்பதை ஸ்ட்ராஸர் எழுதவில்லை. நான் அவராக இருந்தால் அங்கேதான் நாவலைத் தொடங்கியிருப்பேன்.

மறுநாள் காலை மருமகளிடம் கேட்டேன், இதில் உங்கள் கம்பஸ் எங்கே இருக்கிறது என்று. அவள் சிரித்தாள். “பேர் மாத்துறதுல தொடங்குது மாமா” என்றாள். சீனியர்மார் புதிய பிள்ளைகளுக்கு ஒரு பட்டப்பெயர் வைப்பார்கள். அதற்கு ‘கார்ட்’ என்று பெயர். உம்மா வாப்பா வைத்த பெயர் அதன்பிறகு செல்லாது. இன்ன உடுப்புத்தான், இன்ன செருப்புத்தான், இன்ன பாதையால்தான் நடக்கலாம். வீட்டுக்குச் சொல்லக்கூடாது. விரிவுரையாளரிடம் சொல்லவே கூடாது. இதற்கெல்லாம் இணங்கினால் ‘குப்பி’ கிடைக்கும். அதாவது சீனியர் பிள்ளைகள் பரீட்சைக்கு முன்பு சொல்லித்தரும் பாடம், பழைய குறிப்புகள், விடுதியில் ஓர் ஆதரவு. இணங்காவிட்டால் ‘பெட்ச்’ முழுவதும் ஒரு பிள்ளையோடு பேசாது. ஆக, தண்டனையைக் கொடுப்பவர்களும் சீனியர்கள் அல்ல, கூடப் படிக்கிற பிள்ளைகளே.

இந்த நாட்டில் இதற்குப் பகிடிவதை என்று பெயர். பகிடி என்ற சொல்லை அதற்குள் வைத்தவர் யாரோ, நல்ல நகைச்சுவை உணர்வுள்ளவர். 1975இல் பேராதனையில் ஒரு மாணவி பகிடிவதைக்கு அஞ்சி விடுதியின் மாடியிலிருந்து குதித்து, எழுந்து நடக்க முடியாதவரானார். 1997இல் அதே பல்கலைக்கழகத்தின் பொறியியல் பீட மாணவர் ஒருவர், தொடர்ந்து உடற்பயிற்சி செய்விக்கப்பட்டதால் சிறுநீரகம் செயலிழந்து இறந்தார். 1998இல் 20ஆம் இலக்கச் சட்டம் வந்தது. 2002இல் ஸ்ரீ ஜயவர்தனபுரவில் பகிடிவதையை எதிர்த்துப் பேசிய மாணவர் ஒருவர் கொல்லப்பட்டார். சட்டம் வந்த பின்னரும் இது ஏன் நிற்கவில்லை என்று கேட்கிறவர்கள், ‘அலை’யை வாசிக்கட்டும். அனுபவிக்கிறவர்களில் பாதிப்பேர் அதை வதை என்றே நினைப்பதில்லை. ஒற்றுமை என்று நினைக்கிறார்கள்.

எனக்கு எப்படித் தெரியும்? நானும் நினைத்தேன், நேயர்களே.

1979இல் ஒரு றங்குப் பெட்டியும், உம்மா கிண்டித் தந்த தொதலுமாக ஒரு பல்கலைக்கழகத்துக்குப் போய் இறங்கினேன். எந்தப் பல்கலைக்கழகம் என்பது முக்கியமில்லை. தொதல் அன்றிரவே சீனியர்களின் அறைக்குப் போய்விட்டது. கடலோரத்தான் என்பதால் எனக்குக் ‘கருவாடு’ என்று பெயர் வைத்தார்கள். மூன்று மாதம் அந்தப் பெயருக்கு “ஓம் சேர்” என்று எழுந்து நின்றேன். மூன்றாம் மாத முடிவில் ஒருவர் தோளில் கைபோட்டு, ரீ வாங்கித் தந்து, “இனி நீ எங்கட ஆள்” என்றார். நான் அழுதேன். அவமானத்தினால் அல்ல, நன்றியினால். அந்த அழுகையை நினைத்தால்தான் இன்றைக்கும் எனக்குக் கூச்சமாக இருக்கிறது.

அடுத்த வருடம் வரிசையின் மறுபக்கத்தில் நான் நின்றேன். எங்கள் கரையைச் சேர்ந்த ஒரு பையன் வந்திருந்தான். மெலிந்தவன், விஞ்ஞான பீடம். நம்மூர்ப் பையன், நான் காப்பாற்றுவேன் என்று என் முகத்தைப் பார்த்தான். அதைச் சீனியர்களும் என் பெட்ச் கூட்டாளிகளும் கவனித்துவிட்டார்கள். அவர்கள் முன்னால் நான் ‘எங்கட ஆள்’தான் என்று காட்ட வேண்டியிருந்தது. “உன் வாப்பா என்ன தொழில்?” என்று கேட்டேன். எனக்குத் தெரியும். தெரிந்தே கேட்டேன். அவன் மெதுவாகச் சொன்னான். சத்தமாகச் சொல் என்றேன். இன்னும் சத்தமாக என்றேன். எத்தனை தடவை என்பது நினைவில்லை. எல்லாரும் சிரித்தார்கள். மூன்றாம் நாள் அவனுடைய கட்டில் வெறுமையாக இருந்தது. அவன் திரும்பி வரவேயில்லை.

அமெரிக்காவில் நடந்த ஒரு வழக்கைப் பற்றிப் பிற்காலத்தில் வாசித்தபோது இந்தச் சம்பவம் எழுந்து வந்தது. 2010இல் சேரா லோரன்ஸ் என்ற கல்லூரியில், சிறையிலிருந்து வந்த லோரன்ஸ் ரே என்பவர், தன் மகளின் மாணவர் விடுதியிலேயே வந்து தங்கிவிட்டார். பிள்ளைகளுக்குச் சமைத்துக் கொடுத்தார், புத்தி சொன்னார், அவர்களுடைய மனத்துயரங்களைக் கேட்டார். பின்பு அந்தத் துயரங்களையே கயிறாக்கினார். செய்யாத குற்றங்களைச் செய்ததாகச் சொல்லவைத்துப் பதிவு செய்தார். அவர்களிடமிருந்து பணம் பறித்தார். 2022இல் நியூயோர்க் நீதிமன்றம் அவரைக் குற்றவாளியாகக் கண்டு, 2023 ஜனவரியில் 60 வருடச் சிறைத்தண்டனை விதித்தது. கெட்டிக்காரப் பிள்ளைகள் எப்படி இதில் விழுந்தார்கள் என்று எல்லாரும் வியந்தார்கள். எனக்கு வியப்பில்லை. வெட்கப்படும் ஒன்றை ஒருவனின் வாயாலேயே சொல்லவைத்துவிட்டால், அவன் அடுத்த நாள் தப்பி ஓடவேண்டும், அல்லது நம்மோடு சேரவேண்டும். ஓடியவன் அந்தப் பையன். சேர்ந்தவன் நான்.

பல வருடங்களுக்குப் பின்னர் மருதமுனையில் கைத்தறிச் சாரம் வாங்கப் போன இடத்தில் அவனைக் கண்டேன். தறிகள் சில வைத்து நடத்திக்கொண்டிருந்தான். உடனே அடையாளம் கண்டுகொண்டான். “வாங்க சேர்” என்றான். ஆசிரியன் என்பதால் சொன்ன சேரா, அந்த நாள் சேரா என்று எனக்குப் பிரித்தறிய முடியவில்லை. ரீ தந்தான். விலையில் குறைத்தான். பிள்ளைகள் படிப்பதைச் சொன்னான். நான் மன்னிப்புக் கேட்கத்தான் வாயெடுத்தேன். நூலின் விலையைப் பற்றிப் பேசிவிட்டு வந்தேன்.

நேயர்களே, இந்தப் பேச்சை இத்துடன் நிறுத்தியிருக்கலாம். ஆனால் இந்தக் கரையில் வசித்துக்கொண்டு, இளைஞரின் மனத்தைப் பிடிப்பது பற்றிப் பேசும்போது, 2019 ஏப்ரல் 26ஆம் திகதி இரவைத் தாண்டிப் போவது நேர்மையாகாது. உயிர்த்த ஞாயிறன்று தேவாலயங்களிலும் ஹோட்டல்களிலும் 260க்கு மேற்பட்டோர் கொல்லப்பட்டு ஐந்தாம் நாள். எங்கள் வீட்டு யன்னல்கள் அதிர்ந்தன. சாய்ந்தமருதில் ஒரு வாடகை வீட்டில், ஸஹ்ரானின் தந்தையும் இரு சகோதரரும் பெண்களும் ஆறு சிறுவர்களும் வெடித்து இறந்தார்கள். புதிதாக வந்தவர்கள் மீது சந்தேகங்கொண்டு தகவல் கொடுத்தவர்கள் ஊர் மக்கள்தான். பின்னர் வந்த மாதங்களில் எங்களைச் சந்தேகத்தோடு பார்த்தவர்கள் அதைப் பெரிதாக நினைவில் வைத்திருக்கவில்லை. அது வேறு கதை.

பகிடிவதையையும் அந்த இரவையும் ஒரே தராசில் வைக்க நான் வரவில்லை. ஒரு நாவலை வாசித்தவன் கேட்கும் கேள்வி மட்டுமே எனக்குண்டு. ஞாயிறு குண்டுதாரிகளுள் வசதியான வீட்டுப் பிள்ளைகள் இருந்தார்கள். பிரித்தானியாவிலும் அவுஸ்திரேலியாவிலும் படித்த ஒருவரும் இருந்தார். ஜப்பானில் 1995இல் தோக்கியோ சுரங்க ரயிலில் நச்சுவாயு வைத்த ஓம் ஷின்ரிக்கியோ கூட்டத்திலும் இப்படித்தான். வைத்தவர்களில் ஒருவர் இதயநோய் வைத்தியர். ஹருக்கி முரக்காமி பாதிக்கப்பட்டவர்களைத் தேடிப்போய்ப் பேட்டி கண்டு 1997இல் ஒரு நூல் எழுதினார். பின்பு அந்தக் கூட்டத்தில் இருந்தவர்களையும் தேடிப்போய்ப் பேசினார். இரண்டாவது வேலையே கடினமானது. அப்படியொரு வேலையை நம் மொழியில் யாராவது செய்ய வேண்டும் என்பது என் ஆசை. அரக்கன் என்று எழுதுவது சுலபம். ரொபர்ட்டை எழுதுவதற்கு அவன் தனியே சாப்பிட்ட மேசையையும் பார்த்திருக்க வேண்டும்.

ஸ்ட்ராஸரிடம் எனக்கிருக்கும் குறை இதோடு தொடர்புடையது. அவருடைய கதையில், விளையாட்டைத் தொடங்கிய ஆசிரியரே மேடையில் ஏறி, இது பொய் என்று சொல்லிவிடுகிறார். வெளியில் அப்படி நடப்பதில்லை. விசில் ஊதுகிறவர் விசிலைக் கீழே வைப்பதில்லை.

மருமகள் விடுமுறை முடிந்து போய்விட்டாள். போகும்போது, “இந்தக் கதையில நீங்க யார் மாமா?” என்று கேட்டாள். டேவிட் என்றேன். அவள் ஒன்றும் சொல்லாமல் பையைத் தூக்கிக்கொண்டாள்.

புத்தகத்தை அவள் தம்பிக்காக விட்டுப்போயிருக்கிறாள். அவனுக்கும் இவ்வருடம் பல்கலைக்கழக அனுமதி கிடைத்திருக்கிறது. இன்னும் அந்த வாசலை மிதிக்கவில்லை. ஆனால் சீனியர்மார் வட்ஸ்அப் குழுவொன்றில் அவனைச் சேர்த்துவிட்டார்கள். படத்தை மாற்றச் சொல்லியிருக்கிறார்களாம், பெயரையும் மாற்றச் சொல்லியிருக்கிறார்களாம். என்ன பெயர் மகன் என்று கேட்டேன். தொலைபேசியைக் கவிழ்த்து வைத்துவிட்டு, “சும்மா பகிடிக்கு மாமா” என்றான். வருகிற திங்கட்கிழமை பஸ் ஏறுகிறான். அதற்கு முன்பு மருதமுனைக்கு ஒருமுறை அவனையும் கூட்டிக்கொண்டு போகலாம் என்றிருக்கிறேன்.